அண்ணி கேட்ட யன்னல்

லண்டன் கெனிங்டனில் அந்த வீட்டின் வாசலில் விற்பனைப் பலகையை நட்ட அன்று அண்ணை வான் வண்டியை விட்டு இறங்கவேயில்லை. நான்தான் இறங்கிப் போய், பலகை நட வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு வானின் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார்.

"தம்பி, அது நேரா நிக்குதோ?"

"நேரா நிக்குது அண்ணை."

"வடிவாப் பார். அந்த வீட்டிலை இனி ஒண்டும் சரிஞ்சு நிக்கக்கூடாது."

அண்ணை என்று நான் சொல்வது என் பெரியம்மாவின் மகனை. கூடப் பிறக்கவில்லை என்பதை நாங்கள் இருவருமே எப்போதோ மறந்துவிட்டோம். ஜேர்மனியில் பல வருடம் உணவகத்திலும் பிறகு கட்டட வேலையிலும் இருந்தவர், இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் லண்டனுக்கு வந்து சின்னதாக ஒரு கட்டட வேலைக் கம்பனி தொடங்கினார். டூட்டிங்கில் கடை திருத்துவோம், மிச்சம் என்கிற ஊரில் மாடி எழுப்புவோம், கிடைத்த வேலை எல்லாம் செய்வோம். நான் பெயிண்ட் அடிக்கிறவன். ஒருவரும் சொல்லித் தரவில்லை. பிழையாக அடித்து அடித்துத்தான் பழகினேன். வேலை செய்யும்போது எனக்கு வாய் மூடாது. "பெயிண்ட் காயிற நேரமாவது அந்த வாயையும் காயவிடுங்கோ" என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வதும் சரிதான். ஆனால் ஆட்களிடம் வாய் கொடுத்தால்தானே அவர்களும் ஏதாவது சொல்வார்கள்? ஆட்கள் சொன்ன சொற்கள்தான் என்னிடம் சேர்ந்த சொத்து.

அப்படி அண்ணை சேர்த்து வைத்திருந்த ஒரு சொல்லில் இருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது. அது அண்ணியின் சொல்.

அண்ணியும் பிள்ளைகள் இருவரும் ஜேர்மனியிலேயே இருந்தார்கள். அங்கே அவர்களுடைய ஃபிளாட்டில் குசினிக்கு யன்னல் கிடையாது. நடுவில் பெட்டி மாதிரி ஓர் அறை, மேலே புகை இழுக்கும் காற்றாடி, அந்தக் காற்றாடியும் வேலை செய்வது தன் விருப்பத்துக்குத்தான். அண்ணை லண்டனுக்குப் புறப்பட்டபோது, விமான நிலையத்தில் அண்ணி ஒரேயொரு விஷயம்தான் கேட்டாராம். "அங்கை வீடு எடுத்தால், யன்னல் இருக்கிற குசினியாப் பாருங்கோ." நகை கேட்கவில்லை, கார் கேட்கவில்லை. சமைக்கும்போது வெளியே பார்க்க ஒரு யன்னல்.

அண்ணை அதை மறக்கவில்லை. எந்த வீட்டு வேலைக்குப் போனாலும் முதலில் குசினிக்குள் போய் யன்னலுக்கு முன்னால் நின்று பார்ப்பார். வீட்டுக்காரர்கள் இந்த மனிதன் என்ன பார்க்கிறான் என்று முழிப்பார்கள். நான், "அளவு பாக்கிறார்" என்று சொல்லிச் சமாளிப்பேன்.

ஒருநாள் எனக்குத் தொலைபேசியில் கத்தினார். "டேய், ஒரு வீடு பாத்திட்டன். மூலை வீடு. முன்னாலையும் யன்னல், பக்கத்திலையும் யன்னல். யன்னலைத் தவிர வேறொண்டும் இல்லாத வீடடா!"

ஏலத்துக்கு வந்த வீடு அது. ஜோர்ஜ் என்ற பெயரில் ராஜாக்கள் ஒருவர் பின் ஒருவராக ஆண்ட காலத்தில் கட்டியது. நாலு தளம், ஒடுக்கமான முகப்பு, வாசலுக்கு மேலே விசிறி விரித்தது போல அரைவட்டக் கண்ணாடி. ஆனால் கண்ணாடிகளில் பாதி உடைந்து, கதவெல்லாம் பலகை அடித்து, கூரைக்குள் புறாக்கள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. உள்ளே போய்ப் பார்க்கவிடவில்லை. தளம் இடிந்து விழும் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணை வீதியில் நின்று பார்த்தார், பக்கத் தெருவில் நின்று பார்த்தார், மனதுக்குள்ளேயே அண்ணியைக் குடிவைத்தார். வாங்கிவிட்டார். தன்னிடம் இருந்தது, வங்கியிடம் இருந்தது எல்லாவற்றையும் அதற்குள் போட்டார்.

பலகையை உடைத்து முதல்முதலாக உள்ளே போன நாள் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தூசி, புறா எச்சம், விழுந்து கிடந்த கூரைச் சாந்து. அண்ணை டோர்ச் லைட்டோடு நேரே முதலாம் மாடிப் பெரிய அறைக்குப் போனார். பக்கத் தெருவிலிருந்து பார்த்தபோது அந்த மாடியில் மூன்று யன்னல் வரிசையாகத் தெரிந்திருந்தது. உள்ளே இரண்டுதான் இருந்தது. நடு யன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கணப்படுப்பு இருந்தது, அதற்கு மேலே புகைபோக்கி போகிற கெட்டிச் சுவர்.

வெளியே ஓடிப்போய்ப் பார்த்தோம். ஏணி வைத்து ஏறித் தொட்ட பிறகுதான் விளங்கியது. யன்னல் மாதிரிச் சட்டம், யன்னல் மாதிரிக் குழிவு, ஆனால் உள்ளே செங்கல். அதன் மேல் எப்போதோ கறுப்பு அடித்து, வெள்ளைக் கோடு கீறி, தூர நின்று பார்க்கிறவனுக்குக் கண்ணாடி போலத் தெரியும்படி வைத்திருந்தார்கள். வெளிச்சுவர் சமமாகத் தெரியவேண்டும் என்று கட்டும்போதே இப்படிக் கட்டினார்களாம். யன்னலுக்கு வரி இருந்த காலத்தில் அடைத்தது என்றும் சிலர் சொன்னார்கள்.

அது போகட்டும், யன்னல் ஒன்று குறைந்தால் என்ன என்று இருந்தோம். பெரிய இடி அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வீடுகளில் குசினி எங்கே தெரியுமா? நிலத்துக்குக் கீழே. எசமான்கள் மேலே இருப்பார்கள், சமையற்காரர்கள் கீழே. வீதி மட்டத்துக்கும் கீழே ஒரு சின்னப் பள்ளம், அந்தப் பள்ளத்தைப் பார்த்தபடி குசினி யன்னல். அதற்குள்ளால் நிமிர்ந்து பார்த்தால் வீதியில் போகிறவர்களின் சப்பாத்துகள் தெரியும்.

குசினியை மேலே கொண்டுபோவோம் என்று அண்ணை கிளம்பினார். அது பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றபடியால் கவுன்சிலில் இருந்து ஓர் அம்மா வந்தார். நல்ல மனுஷி. மேல் அறைகளின் மரப் பலகைச் சுவரைத் தொடக்கூடாது, ஏற்கெனவே இருக்கிற குளியலறைகளைத் தவிர வேறெங்கும் குழாய் கொண்டுபோகக்கூடாது, காற்றாடிக்கு ஓட்டை போடவே கூடாது என்றார். எங்களுடைய சமையல் எப்படிப்பட்டது, அதற்கு ஏன் காற்று வேண்டும் என்று அண்ணை விளங்கப்படுத்தப் பார்த்தார். கடுகு வெடிப்பதைக் கையால் காட்டினார். செத்தல் மிளகாய் கருகும்போது வருகிற தும்மலைத் தும்மியே காட்டினார். அந்த அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தேநீர் குடித்தார். முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் அண்ணை என்னிடம் சொன்னார்: "அண்ணிக்கு இப்ப ஒண்டும் சொல்லாதை. வந்து பாக்கட்டும். வந்திட்டா பிறகு பாப்பம்."

பிறகு தொடங்கியது வேலை. மற்ற வேலைகளுக்கு இடையில், சனி ஞாயிறில், குளிரில், மழையில். சீமெந்து பூசக்கூடாது, சுண்ணாம்புச் சாந்துதான் பூசவேண்டும், அது தன் பாட்டில்தான் காயும். படிக்கட்டுக் கைப்பிடியில் இருந்த பல பூச்சுப் பெயிண்டைச் சுரண்டச் சுரண்ட ஒவ்வொரு காலத்து நிறமும் வந்து, கடைசியில் மரம் சிரித்தது. மேலும் கீழும் இழுக்கிற யன்னல்களின் உள்ளே கயிறும் இரும்புப் பாரமும் இருக்கும். அவற்றை எல்லாம் புதிதாகக் கோத்தோம். இப்போது ஒற்றை விரலால் தூக்கலாம். அண்ணை தன் சின்ன விரலால் தூக்கிக் காட்டுவார். "பார், அண்ணி கை நோகாமல் திறக்கலாம்."

சாமியறைக்கு இடம் தேடியதே ஒரு கூத்து. எந்த அறையில் வைத்தாலும் அதற்கு நேர் மேலே ஒரு குளியலறை வந்தது. ஒடுக்கமான வீடு, எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று. கடைசியில் கூரையடியில் வேலைக்காரர்கள் படுத்த சின்ன அறையைச் சாமிக்குக் கொடுத்தோம். "எசமான்கள் கீழை இருக்கட்டும், கடவுள் வேலைக்காரரோடை இருக்கட்டும்" என்றார் அண்ணை. அதற்கு மேலே ஆகாயம்தான். காலை வெயில் அந்த அறைக்குத்தான் முதலில் வரும்.

பொய் யன்னலை எனக்குத் தந்தார். "நீதான் அடிக்கவேணும். கண்ணாடி மாதிரி மினுங்கவேணும்." சாரத்தில் ஏறி நின்று மினுங்குகிற கறுப்பை அடித்து, அதன் மேல் வெள்ளைச் சட்டங்கள் கீறினேன். அண்ணை எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று, "இடப்பக்கக் கோடு கொஞ்சம் தடிப்புக் காணாது" என்று கத்துவார். போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ஒரு கிழவர் என்னை நிமிர்ந்து பார்த்து, உள்ளே இருந்து துடைப்பது இலகுவல்லவா என்று கேட்டார். அதைவிடப் பெரிய பரிசு எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

இன்னொரு வேலையும் இருந்தது, அது முடிகிற வேலையல்ல. குசினி யன்னலுக்கு முன்னால் உள்ள பள்ளத்தின் சுவருக்கு வெள்ளை அடிப்பது. வெள்ளைச் சுவரில் பட்டுத்தான் கீழே வெளிச்சம் திரும்பும். மழை பட்டதும் பாசி பிடிக்கும், மங்கும். மங்கினதும் அண்ணை தூரிகையை என் கையில் தருவார். ஒரு தரம் நான் சலித்துப்போய், "அண்ணை, இதுக்கு முடிவே இல்லையோ?" என்று கேட்டேன். "அண்ணி வருமட்டும் அடி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி அட்டையின் எண்ணைச் சுரண்டி அண்ணிக்கு எடுப்பார். நான் சுவர் அடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். படியைச் சொல்வார், கணப்படுப்பைச் சொல்வார், சாமியறையைச் சொல்வார். மறுபக்கத்தில் அண்ணி கேட்பது எனக்குக் கேட்காது. அண்ணையின் பதில் மட்டும் கேட்கும். "ஓம்... குசினியோ? இருக்கு... யன்னல் இல்லாமலோ? பெரிய யன்னல்... ஓம், வெளிச்சம் வரும்." அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும்.

வீடு முடிந்தது. நிலத்தைத் துடைத்துவிட்டு, வாசற்படியில் இருந்தபடி அண்ணை தொலைபேசி எடுத்தார். "இனிப் பெட்டியைக் கட்டும்."

நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு வைத்துவிட்டார். என்ன என்று கேட்டேன்.

"மாட்டாவாம்."

பிள்ளைகளின் படிப்பு, முதியோர் இல்லத்துக் குசினியில் அவருக்கு இருக்கும் நிரந்தர வேலை, கூட்டாளிமார். எல்லாம் சொல்லிவிட்டு, அண்ணி கடைசியாகச் சொன்னாராம்: "ஒருக்கா ஒரு நாட்டை விட்டிட்டு வந்து, ஊமையா இருந்து, ஒவ்வொரு சொல்லாப் படிச்சன். திருப்பி ஊமையாக எனக்கு ஏலாது." வங்கிக்காரன் வேறு பொறுக்கமாட்டான். அப்படித்தான் அந்தப் பலகை நடப்பட்டது.

விற்கிற ஏஜென்ட் ஓர் இளம் பெண். பார்க்க வருகிறவர்கள் முன்னால் வீட்டுக்காரர் நிற்கக்கூடாது என்று அண்ணைக்குத் தடை போட்டாள். அதற்குக் காரணம் இருந்தது. முதல் நாள் பார்க்க வந்த ஒருவர் மரப் பலகைச் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார் என்று அண்ணை, "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டு அவர் பின்னாலேயே நாலு மாடியும் ஏறியிருக்கிறார். அதன் பிறகு சனிக்கிழமைகளில் அண்ணை வீட்டு முன் வீதியில் வானுக்குள் இருப்பார். நான் அங்கங்கே பூச்சுத் திருத்துகிற சாட்டில் உள்ளே நிற்பேன். ஒவ்வொருவரும் போன பிறகு வானடிக்குப் போய் அறிக்கை கொடுப்பேன்.

அந்தக் கோடையில் கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில், அண்ணியின் உறவில் ஒரு கலியாணம் வந்தது. அண்ணி அதற்கென்று வந்திருந்தார். அண்ணைக்கும் தெரியும், கலியாண மண்டபத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார்கள். வீட்டைப் பார்க்க வாரும் என்று அண்ணை கேட்கவில்லை. கேட்டு, இல்லை என்று சொன்னால் என்ன செய்வது என்ற பயம். அண்ணியும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் மறுநாள் சனிக்கிழமை காலை எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, என்னை ஒருக்கா அந்த வீட்டை கூட்டிக்கொண்டு போம். கொண்ணைக்குச் சொல்ல வேண்டாம்."

"ஏன் அண்ணி? அவர் அங்கைதான் வானுக்குள்ளை இருப்பார்."

"அவர் பக்கத்திலை நிண்டால் நான் வீட்டைப் பாக்கமாட்டன், தம்பி. அவற்றை முகத்தைத்தான் பாப்பன்."

பாதாள ரயிலில் வந்தோம். வானைத் தவிர்ப்பதற்காகப் பக்கத் தெருவால் கூட்டிவந்தேன். அண்ணி சேலை கட்டியிருந்தார், கையில் ஒரு பை. பக்கத் தெருவில் நின்று நிமிர்ந்து வீட்டைப் பார்த்தார். விரலால் யன்னல்களை எண்ணுவது மட்டும் தெரிந்தது.

வாசலில் ஏஜென்ட் பெண் கைகொடுத்தாள். அண்ணி கைகொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் படியில் ஓரமாக வைத்தார். வேறு எப்படி ஒரு வீட்டுக்குள் போவது? நானும் கழற்றினேன். பின்னால் வந்த நடுத்தர வயது வெள்ளைக்காரத் தம்பதி ஒருவரையொருவர் பார்த்தார்கள். இதுதான் இந்த வீட்டின் ஒழுங்கு என்று நினைத்து அவர்களும் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்கள். இதைப் பார்த்த ஏஜென்ட் பெண்ணும் தன் குதிச் சப்பாத்தைக் கழற்றினாள். விற்பனைக்கு இருந்த வீட்டின் வாசலில், கோயில் வாசல் போலச் சப்பாத்துகள் வரிசையாகின.

அதோடு முடியவில்லை. அண்ணி பையைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினார். உள்ளே பயத்தம் பணியாரம்.

"அண்ணி, இது வீடு பாக்க வாற இடம்" என்றேன் மெதுவாக.

"முதல்முதலா ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடை வாறதோ? நல்ல கதை."

அந்தப் பெண் ஒன்றைக் கடித்துப் பார்த்து, கண்ணை விரித்து, இன்னொன்று எடுத்தாள். தம்பதிக்கும் கொடுத்தாள். எல்லோரும் பணியாரம் சாப்பிட்டபடி, வெறுங்காலோடு படியேறினோம்.

முதலாம் மாடிப் பெரிய அறையில் யன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. காற்று நன்றாக வந்தது. அண்ணி கையால் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார். பெண் ஆங்கிலத்தில் எதையோ விளக்க, அண்ணி "யா, யா" என்று ஜேர்மன் மொழியில் தலையாட்டினார். நான் சின்ன விரலால் யன்னலைத் தூக்கிக் காட்டினேன். அண்ணியும் தூக்கிப் பார்த்தார். திடீரென்று திரும்பினார்.

"தம்பி, மூண்டெல்லோ இருந்தது? மற்றது எங்கை?"

"எது அண்ணி?"

"நடுவிலை. வெளியிலை நிண்டு எண்ணினனான். மூண்டு."

எனக்கு இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. "அது பொய் யன்னல் அண்ணி. பின்னாலை செங்கல். நான்தான் பெயிண்ட் அடிச்சனான்."

அண்ணி கணப்படுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கொண்ணை வாங்கேக்கை அதையும் எண்ணினவரோ?"

"எண்ணித்தான் வாங்கினவர்."

"வரியை மிச்சம் பிடிக்க அடைச்சதெண்டும் சொல்லுகினம்" என்று நான் சொன்னதை அண்ணி கேட்கவில்லை. சிரிக்கத் தொடங்கிவிட்டார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பிறகு பொத்தாமல் சிரித்தார். அண்ணியின் சிரிப்பு எங்கள் குடும்பத்தில் பேர்போன சிரிப்பு. ஒரு மண்டபம் நிறையும். கணப்படுப்பைப் பிடித்துக்கொண்டு, "என்ரை ராசா, செங்கலை எண்ணிப்போட்டு வந்திருக்கிறாரே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தம்பதிக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் அவர்களும் சிரித்தார்கள். திறந்த யன்னல்களால் அந்தச் சிரிப்பு வீதிக்குப் போனது.

மேலே போனோம். சாமியறை வாசலில் அண்ணி நின்றார். வெறும் அறை. சுவரில் ஒரு மரத்தட்டு மட்டும் அண்ணை செய்து வைத்திருந்தார். படிப்பறைக்கு உகந்தது என்று அந்தப் பெண் சொன்னாள். அண்ணி தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை.

கடைசியாகக் குசினிக்கு இறங்கினோம். கடைசிப் படியில் அண்ணி நின்றுவிட்டார்.

உள்ளே அண்ணை நின்றார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு, துடைத்த தண்ணீர்க் குழாயைத் திரும்பத் துடைத்தபடி.

"சிரிப்புக் கேட்டது" என்றார்.

அண்ணி யன்னலடிக்குப் போனார். கையலம்பும் தொட்டிக்கு முன்னால், ஒரு பெண் நின்று சமைக்கும் இடத்தில் நின்றார். வெளியே வெள்ளைச் சுவர். மேலே, வீதியில் யாரோ நாயோடு போனார்கள். இரண்டு சப்பாத்தும் நாலு சின்னக் காலும் தெரிந்தன.

"இதுதானோ நீங்கள் சொன்ன பெரிய யன்னல்?"

"பெரிசுதானே."

"பெரிசுதான். ஆக்களின்ரை முகம்தான் இல்லை."

அண்ணி வெளியே பார்த்தபடியே கேட்டார். "அந்தச் சுவர் ஏன் இப்பிடி வெள்ளையா இருக்கு?"

"வெளிச்சம் வரத்தான்" என்றேன் நான். "மங்க மங்க அடிக்கச் சொல்லுவார். நீங்கள் வருமட்டும் அடி எண்டு சொன்னவர்."

"டேய்" என்றார் அண்ணை.

அண்ணி நெடுநேரம் அந்தச் சுவரையே பார்த்தார். பிறகு, "ஒரு தேத்தண்ணி குடிப்பம். கேத்தில் இல்லையோ?" என்றார். அந்தக் குசினியில் ஒரு பானை கிடையாது, ஒரு கரண்டி கிடையாது. என் வேலைப் பைக்குள் பெயிண்ட் துளி விழுந்த கேத்திலும் கோப்பைகளும் இருந்தன. அண்ணி கோப்பையைக் கழுவினார், நகத்தால் பெயிண்டைச் சுரண்டினார், தேநீர் ஊற்றினார். தன் வீட்டில் ஊற்றுவது போலத்தான் ஊற்றினார். பணியாரத்தில் மிச்சத்தைப் பிரித்து வைத்தார்.

அந்தத் தம்பதி கீழே வந்து பார்த்தார்கள். சேலை கட்டிய பெண் தொட்டியடியில் உரிமையோடு தேநீர் ஊற்றிக்கொண்டு நிற்கிறார். வெள்ளைக்காரப் பெண்மணிக்குக் குசினி மிகவும் பிடித்துப்போனது. கல் பதித்த நிலத்தில் வெறுங்காலை வைத்து வைத்துப் பார்த்தார். இருவரும் குசுகுசுத்துவிட்டு அவசரமாக மேலே போனார்கள்.

அண்ணி கோப்பையைக் கையில் சுற்றியபடி சொன்னார். "இஞ்சருங்கோ. எனக்கு ரெண்டு நாள் தாங்கோ. யோசிச்சுச் சொல்லுறன்."

அண்ணையின் முகத்தில் அப்போது வந்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. சுவருக்கு முதற்பூச்சு வெள்ளை அடித்ததும் அறைக்குள் ஒரு வெளிச்சம் வருமே, அது மாதிரி என்று மட்டும் சொல்லலாம்.

தேநீர் ஆறவில்லை, ஏஜென்ட் பெண் படியிறங்கி ஓடி வந்தாள். அண்ணையைக் கண்டதும் தடையை மறந்துவிட்டாள். அந்தத் தம்பதி முழு விலைக்கும் வாங்கத் தயாராம். ஆனால் இன்றைக்கே பதில் வேண்டுமாம். நாளை வேறொரு வீடு பார்க்கப் போகிறார்களாம். ஏன் இவ்வளவு அவசரம் என்று நான் கேட்டேன். அவள் அண்ணியைப் பார்த்துச் சிரித்தாள். இந்த அம்மா வீட்டைத் தட்டிக்கொண்டு போய்விடுவார் என்று பயப்படுகிறார்களாம். எதையும் இவ்வளவு சந்தோசமாக ஒருவர் பார்த்ததை அவர்கள் கண்டதில்லையாம்.

நான் தமிழில் சொன்னேன். அண்ணி கோப்பையைக் கீழே வைத்தார்.

"எனக்கு அவசரமில்லை" என்றார் அண்ணை. "ரெண்டு நாளோ ரெண்டு மாதமோ, நீர் யோசியும்."

"வங்கி?"

"அதை நான் பாப்பன்."

அண்ணி அவருடைய முகத்தைப் பார்த்தார். காலையில் அவர் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது, அந்த முகத்தை அவர் பார்க்காமல் இருந்திருக்கலாம். அந்த முகத்தில் இருந்த களைப்பு முழுவதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"குடுங்கோ" என்றார்.

"நீர்..."

"அவவுக்கு இந்தக் குசினி பிடிச்சிருக்கு. எனக்குப் பிடிச்சது அந்தப் பொய் யன்னல்தான். அதுக்குள்ளை நிண்டு சமைக்க ஏலாது." கோப்பைகளைக் கழுவி என் பைக்குள் வைத்தார். "வித்துப்போட்டு அங்கை வாங்கோ. பிள்ளையளும் கேக்குதுகள்."

வெளியே வரும்போது எல்லோருடைய சப்பாத்தும் போய், படியில் எங்கள் மூவருடையதும் மட்டும் இருந்தன. அண்ணி செருப்பைப் போட்டுக்கொண்டு, கதவின் பித்தளைப் பிடியை ஒரு தரம் சேலைத் தலைப்பால் துடைத்தார். நான் ஏற்கெனவே துடைத்திருந்தேன்.

அண்ணை இப்போது ஜேர்மனியில் இருக்கிறார். கம்பனியை நான்தான் இழுத்துக்கொண்டு ஓடுகிறேன். வேலை முடிந்து மிச்சம் ஊரில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்புகிற வழியில் கெனிங்டன் வராது. ஆனாலும் எப்படியாவது ஒரு சாட்டு வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவேன். வாங்கியவர்கள் நல்ல ஆட்கள். பள்ளத்தில் பூச்சாடிகள் வைத்திருக்கிறார்கள். வெள்ளைச் சுவர் மங்கத் தொடங்கிவிட்டது. அதைக் காணும்போது என் கை தானாகத் தூரிகையைத் தேடும். மணியை அடித்து, சும்மா அடித்துத் தருகிறேன் என்று கேட்கலாமா என்று ஒரு தரம் படிவரை போனேன். பிறகு திரும்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணை எடுப்பார். வேலையைப் பற்றிக் கேட்பார், பிள்ளைகளைக் கேட்பார், வீட்டைப் பற்றிக் கேட்கவேமாட்டார். கடைசியில் அண்ணி போனை வாங்குவார். அவர்தான் கேட்பார். ஒருநாள் அப்படிக் கேட்டார். அவர் யன்னலில்லாத குசினியில் நிற்பது அந்தப் பழைய காற்றாடியின் இரைச்சலில் எனக்கு விளங்கியது.

"தம்பி, அண்டைக்கு அந்தச் சனம் ஒரு ரெண்டு நாள் பொறுத்திருந்தால்..."

முடிக்கவில்லை.

போன மார்கழியில் ஒரு பின்னேரம் பக்கத் தெருவில் நின்றேன். நாலு மணிக்கே இருட்டு. வீட்டில் ஏதோ கொண்டாட்டம் போல, எல்லாத் தளத்திலும் விளக்கு. நடு யன்னல் மட்டும் கறுப்பாக மினுங்கியது. தெரு விளக்கு அதில் பட்டு, உள்ளே யாரோ மெழுகுதிரி கொளுத்தி வைத்தது போல இருந்தது. மினுங்குகிற பெயிண்டைத் தேடிப் பிடித்து அடித்தது வீண்போகவில்லை.

அந்த ஞாயிறு அண்ணி கேட்டார். "அந்தப் பக்கம் போனனீரோ?"

"போனனான் அண்ணி. எல்லா யன்னலிலையும் லைட் எரிஞ்சது."

"எல்லாத்திலையுமோ?"

"எல்லாத்திலையும்."

"நடுவிலை இருக்கிற அதிலையுமோ?"

"ஓம் அண்ணி. அதிலையும்."

காற்றாடியின் சத்தத்தையும் மீறி அண்ணி சிரிக்கத் தொடங்கினார். தூரத்தில், வேறொரு அறையிலிருந்து அண்ணையின் குரல் கேட்டது. "என்னவாம்? ஏன் சிரிக்கிறீர்? என்ன சொல்லுறான் அவன்?"